பொலோஞாவிலிருந்து ஒரே நாளில் ராவென்னா: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

தாமிரா

ஏப்ரலில் அம்மாவுடன் இத்தாலி போகிறேன், தங்குவது பொலோஞாவில். அங்கிருந்து ஒரு நாள் ராவென்னா போய், சுவரில் வண்ணக் கல் பதித்த மொசைக் ஓவியங்களைப் பார்த்துவிட்டு ராத்திரிக்குள் திரும்பிவிடலாம் என்று யோசனை. வெனிஸுக்கும் கிட்டத்தட்ட அதே ரயில் நேரம்தானே, அதை விட்டுவிட்டு இதுவா என்று வீட்டில் கேட்கிறார்கள். அம்மாவுக்கு முட்டி வலி. மெதுவாகத்தான் நடப்பார், ஆனால் நடுநடுவே உட்கார இடம் கிடைத்தால் நாள் முழுக்கத் தாங்குவார். யுனெஸ்கோ பட்டியலில் எட்டு இடங்கள் இருக்கின்றன. எட்டையும் ஒரே நாளில் முடிக்கலாமா? ஊருக்கு வெளியே கிளாஸே என்ற இடத்தில் ஒரு தேவாலயம் இருக்கிறதாமே, அவ்வளவு தூரம் போகத்தான் வேண்டுமா? அப்புறம், நாங்கள் சைவம்.

பெட்டிபடுக்கை

தாராளமாகப் போகலாம். பொலோஞாவிலிருந்து நேரடி ரெஜியோனாலே (உள்ளூர்) ரயில் இருக்கிறது, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். முன்பதிவெல்லாம் வேண்டாம், அன்றன்றைக்கு டிக்கெட் எடுத்தால் போதும். காகித டிக்கெட்டாக எடுத்தால் மட்டும், ஏறுவதற்கு முன் பிளாட்பாரத்தில் இருக்கும் சின்ன மெஷினில் நுழைத்து முத்திரை குத்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அபராதம் கேட்பார்கள். ஊர் சமதளம், கார் தொல்லை குறைவு. ஸ்டேஷனிலிருந்து நடந்தால் முதலில் வருவது சான்ட் அப்பொல்லினாரே நுவோவோ தேவாலயம், அங்கே நிறைய நாற்காலிகள் உண்டு, அம்மா உட்கார்ந்தபடியே சுவர் முழுவதையும் பார்த்துவிடலாம்.

முக்கிய இடங்களுக்குச் சேர்த்து ஒரே டிக்கெட் தருகிறார்கள். கல்லா பிளாசிடியா கல்லறை மாடத்துக்கும் நியோனே ஞானஸ்நானக் கூடத்துக்கும் நேரம் குறித்துப் பதிவு செய்ய வேண்டும், ஏப்ரலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வருவார்கள் என்பதால் வீட்டிலிருந்தே இணையத்தில் செய்துவிடுங்கள். கல்லா பிளாசிடியாவுக்குள் சில நிமிடங்கள்தான் விடுவார்கள். கிளாஸேவை நான் விட்டுவிடச் சொல்வேன், முட்டி வலியோடு பஸ் ஏறி இறங்க வேண்டாம்.

கல்லும்கண்ணாடியும்

வெனிஸா ராவென்னாவா என்ற கேள்விக்கு என் பதில்: வெனிஸுக்கு எப்போது வேண்டுமானாலும் யாராவது உங்களைக் கூட்டிப்போவார்கள், ராவென்னாவுக்கு நீங்களாகப் போனால்தான் உண்டு.

கொஞ்சம் கதை தெரிந்துகொண்டு போனால் நல்லது. 402-இல் பேரரசர் ஹொனோரியுஸ் மேற்கு ரோமப் பேரரசின் தலைநகரை மிலானிலிருந்து இங்கே மாற்றினார், சுற்றிலும் சதுப்பு நிலம், எதிரி சுலபமாக நெருங்க முடியாது. பிறகு பேரரசு விழுந்தது, 493-இல் கோத் இனத்து அரசன் தியோடரிக் ஊரைப் பிடித்தான், 540-இல் கான்ஸ்டான்டினோபிளிலிருந்து கிழக்கு ரோமப் பேரரசர் ஜஸ்டினியனின் படை வந்து பிடித்தது. ஆள் மாற மாற ஒவ்வொருவரும் சுவரில் தங்கள் பங்கை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள், சிலர் முந்தியவரின் பங்கை அழித்தும் இருக்கிறார்கள்.

அந்த அழிப்பைப் பார்க்க வேண்டுமானால் நுவோவோவில் தியோடரிக்கின் அரண்மனைக் காட்சியைத் தேடுங்கள். தூண்களுக்கு நடுவே வெள்ளைத் திரைகள் தொங்கும். முதலில் அங்கே ஆட்கள் நின்றார்கள், அரசனும் அவன் சுற்றமும் என்று கருதுகிறார்கள். தியோடரிக் ஏரியஸ் வழிக் கிறிஸ்தவன் (இயேசு கடவுளுக்குச் சமமில்லை என்பவர்கள், கத்தோலிக்கருக்கு ஆகாதவர்கள்), பின்னால் வந்த கத்தோலிக்க ஆயருக்கு அந்த முகங்கள் ஆகவில்லை, ஆட்களைப் பெயர்த்துவிட்டுத் திரை போட்டுவிட்டார்கள். தூண்களை மட்டும் சரியாகத் துடைக்கவில்லை! உற்றுப் பார்த்தால் தூணின் மேல் அங்கங்கே ஒரு கை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும், உடம்பு இல்லை. நானாக இருந்தால் அந்த ஒரு கைக்காகவே டிக்கெட் எடுப்பேன். அதே சுவரில் மேலே சின்னச் சின்னதாக இயேசுவின் வாழ்க்கை. இறுதி இராவுணவில் எல்லோரும் ரோமர் வழக்கப்படி சாய்ந்து படுத்திருப்பார்கள், நடுவில் தட்டில் மீன்.

சான் விடாலே தேவாலயம் 547-இல் அபிஷேகம் ஆனது. பீடத்துக்கு இருபக்கமும் ஜஸ்டினியனும் அவர் மனைவி தியோடோராவும் பரிவாரத்தோடு நிற்பார்கள், இரண்டு பேரும் ராவென்னா பக்கமே வந்ததில்லை என்பதுதான் வேடிக்கை. பேரரசருக்குப் பக்கத்தில் நிற்கும் வழுக்கைத் தலை ஆயர் மாக்ஸிமியன், கூட்டத்தில் அவர் தலைக்கு மேல் மட்டும்தான் பெயர் எழுதியிருக்கும் (விளம்பரம் அன்றைக்கும் உண்டு). தியோடோராவின் அங்கி ஓரத்தில் குழந்தை இயேசுவுக்கு மூன்று ஞானிகள் காணிக்கை கொண்டுபோவது பூவேலையாக இருக்கும், அதை மறந்துவிடாதீர்கள்.

ஓரிடத்தில் நின்றபடி பார்க்காமல் ரெண்டடி நகர்ந்து நகர்ந்து பாருங்கள். தங்கக் கல் என்பது இரண்டு கண்ணாடிக்கு நடுவே வைத்த தங்கத் தகடு, அதை மட்டமாகப் பதிக்காமல் லேசாகச் சாய்த்துப் பதித்திருக்கிறார்கள். நீங்கள் நகர்ந்தால் சுவரில் ஒளியும் நகரும். புகைப்படத்தில் இது வரவே வராது.

வடகரையான்

கிளாஸேவை விடச் சொன்னதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். விட வேண்டியது தியோடரிக்கின் கல்லறையை, அங்கே மொசைக்கே கிடையாது. கூரை ஒரே கல், ஏறத்தாழ 300 டன், பொறியாளருக்குப் பிடிக்கும். ஏரியஸ் வழியினரின் ஞானஸ்நானக் கூடமும் நேரம் இருந்தால் பார்த்தால் போதும், நியோனே கூடத்தில் இருக்கும் யோர்தான் நதியில் இயேசு ஞானஸ்நானம் பெறும் அதே காட்சியின் சின்ன வடிவம்தான், நதிதேவன் தலையில் நண்டுக் கொடுக்கு முளைத்திருப்பது மட்டும் புதுசு.

ஆனால் கிளாஸே வேறு ரகம். 549-ஆம் ஆண்டுக் கட்டடம், உள்ளே போனதும் எதிரே பச்சைப் புல்வெளி, வெள்ளை ஆடுகள், நடுவில் கையை விரித்து நிற்கும் புனித அப்பொல்லினாரிஸ், அவருக்கு மேலே நீல வட்டத்தில் 99 நட்சத்திரங்களும் ஒரு சிலுவையும். இயேசுவின் சீடர்கள் பேதுரு, யாக்கோபு, யோவான் மூவரையும் மூன்று ஆடுகளாகவே காட்டியிருக்கிறார்கள்! பெரிய கூடம், கூட்டம் குறைவு, உட்கார இடம் உண்டு. ராவென்னாவிலிருந்து ரயிலில் அடுத்த ஸ்டேஷன். ரயில் நேரம் சரிப்படாவிட்டால் டாக்ஸி பிடியுங்கள், ஏழெட்டு கிலோமீட்டர்தான். டிக்கெட் தனி.

தாமிரா

தூண் மேல் கை இருப்பதைச் சொன்னதும் அம்மா அங்கேயே முதலில் போகலாம் என்கிறார். அப்படியானால் காலையில் நுவோவோ, பிறகு சான் விடாலே, கல்லா பிளாசிடியா, சாப்பாடு, மதியம் டாக்ஸியில் கிளாஸே, இப்படி வைத்துக்கொள்கிறேன். நியோனே கூடத்தை எங்கே நுழைப்பது? கவிஞர் தாந்தேயின் கல்லறையும் அங்கேதானே? சாப்பாட்டுக்கு யாரும் பதில் சொல்லவில்லையே!

பெட்டிபடுக்கை

கிளாஸேவுக்கு டாக்ஸி என்றால் சரி, என் ஆட்சேபணையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

நியோனே கூடத்துக்கு சாப்பாட்டுக்கு முந்தின நேரமாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள், சின்ன எண்கோணக் கட்டடம், அதிக நேரம் பிடிக்காது. தாந்தே 1321-இல் இந்த ஊரில்தான் இறந்தார், கல்லறை நடுத்தெருவில் இருக்கிறது, போகிற வழியில் எட்டிப்பார்த்தால் போதும். அதற்குப் பக்கத்திலேயே சான் பிரான்செஸ்கோ தேவாலயத்தின் நிலவறையில் தண்ணீர் நிற்கும், மொசைக் தரைக்கு மேல் மீன்கள் நீந்தும், அம்மாவுக்கு அதைக் கட்டாயம் காட்டுங்கள்.

சாப்பாடு: அந்தப் பக்கத்துப் பியாதினா நம் ஊர் சப்பாத்தி மாதிரிதான் இருக்கும், ஆனால் மாவில் வழக்கமாகப் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள். சீஸும் கீரையும்தானே என்று நம்பி வாங்கிவிடாதீர்கள். 'சென்ட்ஸா ஸ்த்ரூத்தோ' (பன்றிக் கொழுப்பு இல்லாமல்) என்று கேளுங்கள், ஆலிவ் எண்ணெயில் பிசைந்ததைப் பல கடைகளில் வைத்திருக்கிறார்கள். உள்ளே ஸ்குவாக்கெரோனே என்ற மெத்தென்ற சீஸ் வைத்துத் தரச் சொல்லுங்கள்.