புதுப்பிப்பு: அரிசியில் ஆர்சனிக் ஏன் கூடுதலாகக் காட்டியது

போன வாரம் கேட்டிருந்தேன்: கிருஷ்ணகிரியில் எங்கள் ஆய்வகத்தில் ஐசிபி-எம்எஸ் (தனிமங்களை அவற்றின் நிறையை வைத்து அளக்கும் கருவி) முறையைச் சரிபார்க்கிறோம், அரிசி மாவில் தெரிந்த அளவு ஆர்சனிக் சேர்த்து அளந்தால் 130 சதவீதம் திரும்பி வருகிறது, ஏன் என்று.

குளோரைடைப் பாருங்கள் என்று சொன்ன தருமபுரி அண்ணனுக்கு நன்றி. அதேதான். சேர்க்கும் கரைசலை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நீர்த்துக்கொண்டிருந்தோம். ஆர்கான் 40, குளோரின் 35 இரண்டும் ஒட்டினால் நிறை 75, ஆர்சனிக்கும் 75. கருவி இரண்டையும் ஒன்றாகவே எண்ணும். சேர்த்த மாதிரியில் மட்டும் குளோரைடு இருந்ததால் சேர்க்காததில் ஒன்றும் தெரியவில்லை. அதனால்தான் இவ்வளவு நாள் குழம்பினோம்.

நைட்ரிக் அமிலத்துக்கு மாறி, ஒட்டிய ஆர்கான்-குளோரினை மோதி வடிகட்டக் கருவிக்குள் ஹீலியம் வாயுவையும் செலுத்தினோம். இப்போது 97 சதவீதம். அமெரிக்கத் தர அளவை நிறுவனமான என்ஐஎஸ்டி, ஒப்பிட்டுப் பார்க்கத் தரும் 1568பி அரிசி மாவுக்குச் சான்றளித்த மொத்த ஆர்சனிக் கிலோவுக்கு 0.285 மில்லிகிராம், எங்களுக்கு 0.281 வந்தது. மனசு நிறைந்தது.

ஆனால் இது மொத்த ஆர்சனிக்தான். தீட்டிய அரிசிக்குச் சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வைத்த கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் வரம்பு கனிம ஆர்சனிக்குக்கு (கரிமச் சேர்மமாக இல்லாத, நச்சு அதிகமான வகை) மட்டும். கனிம, கரிம வகைகளைப் பிரிக்க எச்பிஎல்சி (கரைசலில் உள்ள சேர்மங்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் கருவி) இணைக்க வேண்டும். அது சரியாகும்வரை காவேரிப்பட்டணத்தில் வாங்கிய அரிசியைத் தொடப் போவதில்லை.