மண்ணில் தோன்றிய கதைகளும் பின்னால் வந்தவர்களும்

வினா: பாலைவழி

மனிதத் தோற்றத்தைப் பற்றிச் சமயங்களும் பழங்குடி மரபுகளும் கூறுவனவற்றை ஒப்பிட்டுப் படித்துவருகிறேன். ஆதியாகமத்திலும் திருக்குர்ஆனிலும் ஆதாம் மண்ணிலிருந்து படைக்கப்படுகிறார். குவாத்தமாலாவின் கீச்சே மாயா மக்களின் தொன்மநூலான பொப்போல் வூவிலோ, தெய்வங்கள் முதலில் சேற்றாலும் பிறகு மரத்தாலும் செய்த மனிதர்கள் நிலைக்காமல் போக, இறுதியில் மக்காச்சோள மாவிலிருந்து உண்மையான மனிதர்கள் உருவாகிறார்கள். அமெரிக்கத் தென்மேற்கின் நவஹோ மக்கள், தம் முன்னோர் கீழுலகங்களைக் கடந்து மேலேறி வந்ததாகவும், நான்கு புனித மலைகளுக்கு இடைப்பட்ட நிலமே தமக்கென அமைந்ததாகவும் நம்புகிறார்கள். ஒரு நிலத்தோடு இவ்வளவு இறுகப் பிணைந்த தோற்றக் கதை, அங்கே பிறகு வந்து சேர்ந்தவருக்கு என்ன இடம் தருகிறது? முதலில் தோன்றியவருக்கே உரிமை என்றால், அக்கதையே பிறரை விலக்கும் கருவியாகிவிடாதா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி: நெய்தல்

தங்கள் வினாவுக்கு நியூசிலாந்தின் மாவோரி மரபு மிக நெருக்கமானது. வானத் தந்தை ராங்கிக்கும் பூமித் தாய் பாப்பாவுக்கும் பிறந்த தெய்வம் ஒருவர், குராவாக்கா என்னுமிடத்து மண்ணால் முதற்பெண்ணை உருவாக்கி, அவள் மூக்கின் வழியே உயிர்மூச்சை ஊதினார் என்பது அவர்கள் கூறும் வரலாறு. ஆயினும் அதே மக்கள், தம் முன்னோர் ஹவாய்க்கி என்னும் தொல்நிலத்திலிருந்து கடல் கடந்து வந்ததை ஒருபோதும் மறைப்பதில்லை. ஒருவர் அவையில் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது தம் மலையையும் ஆற்றையும் சொல்வதோடு, முன்னோரை ஏற்றிவந்த படகின் பெயரையும் சேர்த்தே சொல்கிறார். மண்ணில் உருவானதும் படகில் வந்ததும் அவர்களுக்கு முரணாகத் தோன்றுவதில்லை. வழிவழியாகச் சொல்லப்படும் வம்சாவளியும், குழந்தை பிறந்தபின் நஞ்சுக்கொடியை முன்னோர் நிலத்தில் புதைக்கும் வழக்கமும் ஒவ்வொரு தலைமுறையையும் அந்த மண்ணோடு புதிதாகக் கட்டுகின்றன.

புதியவருக்கும் அங்கே வழி உண்டு. வரவேற்புச் சடங்கில் மூக்கோடு மூக்கை ஒற்றும் ஹொங்கி, முதற்பெண்ணுக்கு ஊதப்பட்ட அந்த மூச்சைப் பகிர்ந்துகொள்வதாகவே கருதப்படுகிறது. அதன்பின் விருந்தினர் அந்நிலத்தாரோடு ஒன்றாகிவிடுகிறார். தோற்றக் கதை இங்கே விலக்கவில்லை, வாயிலைத் திறக்கிறது. ஆனால் திறப்பவர் அந்நிலத்தார்தான் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. அந்த ஒழுங்கு நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

மறுமொழி: முல்லைக்காடு

வட அமெரிக்காவின் ஹோடெனோஷோனி மக்களின் கதையில் முதற்பெண்ணே வெளியிலிருந்து வந்தவள். வானுலகிலிருந்து விழுந்த அவளை நீர்ப்பறவைகள் தாங்குகின்றன. ஆமை முதுகைக் கொடுக்கிறது. நீருக்கடியிலிருந்து கொண்டுவரப்பட்ட சிறிதளவு மண் அந்த முதுகின்மேல் நிலமாகப் பரவுகிறது. ஏற்றுக்கொள்ளப்பட்டதால்தான் மனிதருக்கு இடமே கிடைத்தது என்று தொடங்கும் மரபு, வந்தவரை வெறுக்கக் கற்பிக்காது.

மறுமொழி: குறிஞ்சி

மேலே கூறியவை அனைத்தும் நிலத்தை மையமாகக் கொண்டவை. தோற்றத்தைக் காட்டி உயர்வு கோருவதையே மறுக்கும் மரபும் உண்டு. புத்தரின் உரைகளைத் தொகுத்த பாலி நூலான தீக நிகாயத்தின் 27ஆம் சூத்திரமான அக்கஞ்ஞ சுத்தத்தில், பிராமணக் குலத்தில் பிறந்து துறவு நாடிய வாசேட்டரும் பாரத்துவாசரும், தம் குலத்தார் தாம் பிரம்மாவின் வாயிலிருந்து பிறந்தவர்கள் என்று கூறித் தங்களை இகழ்வதாகப் புத்தரிடம் சொல்கிறார்கள். பிராமணப் பெண்களும் கருவுற்றுப் பெற்றுப் பாலூட்டுவதை எல்லோரும் காண்கிறார்களே என்று சுட்டிக்காட்டும் புத்தர், ஒளியுடலோடு திரிந்த உயிர்கள் மண்ணின் சுவையில் ஆசைகொண்டு உடல் தடித்து, அழகைக் கொண்டு ஒருவரையொருவர் இகழ்ந்து, இறுதியில் நெல்வயலுக்கு எல்லை வகுத்த வரலாற்றை விரிக்கிறார். எல்லை வகுத்த பிறகே அங்கே களவும் பொய்யும் தண்டனையும் தோன்றுகின்றன.

நம் சைவ சித்தாந்தம் இன்னும் ஒரு படி செல்கிறது. பதியாகிய இறைவனைப் போலவே, பசுவாகிய ஆன்மாவும் அதைப் பிணைக்கும் பாசமும் அநாதி, அதாவது தொடக்கமற்றவை என்பதால், ஆன்மாவுக்குத் தோற்றம் என்பதே இல்லை. தனு (உடல்), கரணம் (மனம் முதலிய கருவிகள்), புவனம் (உலகம்), போகம் (நுகர்வு) ஆகியவை வினை நீங்குவதற்காக இறைவன் கூட்டித் தருபவை. அவ்வகையில் நிலமும் தரப்பட்டதே. ஆன்மா உரியது சிவனுக்கு மட்டுமே என்றான பின், முதலில் வந்தவர் என்ற பெருமைக்கு எங்கே இடம்?

மறுமொழி: பாலைவழி

அனைவருக்கும் நன்றி. குறிஞ்சி அவர்கள் கூறியதன் ஆழத்தை ஏற்கிறேன். எனினும் நிலத்தை இழந்தவரிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1864இல் அமெரிக்கப் படை நவஹோ மக்களை நெடுந்தொலைவு நடத்திச் சென்று நியூ மெக்சிகோவின் பாஸ்கே ரெடோண்டோ என்னுமிடத்தில் அடைத்தது. பசியிலும் நோயிலும் பலர் மாண்டனர். 1868 உடன்படிக்கையின்போது வேறு இடத்துக்கு அனுப்பும் யோசனையை அவர்களின் தலைவர்கள் மறுத்து, தம் மலைகளுக்கு இடையே திரும்புவதையே கேட்டுப் பெற்றார்கள். நிலம் தரப்பட்டது என்று சித்தாந்தம் சொல்வதை அவர்களும் மறுக்கமாட்டார்கள். தரப்பட்டதை வேறொருவர் பறிக்கலாகாது என்பதே அவர்கள் கேட்டது. தரப்பட்ட புவனத்தைப் பறிகொடுத்தவருக்குச் சித்தாந்த நூல்கள் ஏதேனும் வழி கூறுகின்றனவா என்பதை அறிய விரும்புகிறேன்.