ரேக் பல் மண்ணைத் தொட்டால் என்ன குடிமுழுகிவிடும்?

கட்டுக்காரன்: "கம்பைன் (அறுவடை இயந்திரம்) பின்னால் பேலரை (கட்டுக் கட்டும் இயந்திரம்) மாட்டுங்கள், ரேக்கே (வயலில் கிடப்பதைப் பல்லால் வரிசையாகக் கூட்டும் கருவி) வேண்டாம், மண் சேராத எரிபொருள் கிடைக்கும்" என்று நேற்று ஒரு மேதை எழுதியிருக்கிறார். மக்காச்சோளம் அறுக்கும்போது தட்டையில் ஈரம் 30 சதவீதத்துக்கும் மேலே நிற்கும். 20ஐத் தாண்டிக் கட்டினால் கட்டு உள்ளுக்குள் சூடேறிப் பூஞ்சை பிடிக்கும். தட்டையைக் காயவிட்டு ரேக் போட்டுத்தான் கட்ட வேண்டும்.

கொதிகலன்: அந்த மேதை நான்தான். தட்டையை எரித்தால் அதன் சொந்தச் சாம்பல் 5 சதவீதம் அளவில் இருக்கும். ரேக் பல் மண்ணைக் கிளறினால் 10ஐத் தாண்டும். அந்த மணல் கொதிகலன் குழாயை அரிக்கும், பெல்லட் (எரிபொருள் வில்லை) அழுத்தும் அச்சைத் தின்னும். பதில் சொல்லுங்கள்: ரேக் பல் மண்ணைத் தொடுகிறதா இல்லையா?

கட்டுக்காரன்: உயரத்தைச் சரியாக வைத்தால் தொடாது.

கொதிகலன்: மேடுபள்ளமான வயலில் எந்த உயரம் "சரி"? ஏற்றினால் தட்டை விட்டுப்போகும், இறக்கினால் மண் வரும். தொடும்!

வைக்கோல்வேந்தன்: இரண்டு பேரும் நிறுத்துங்கள். கம்பைனின் சாப்பரை (வைக்கோல் நறுக்கி) அணைத்து, பரப்பும் தட்டுகளை ஒதுக்கினால் வைக்கோல் கம்பைன் பின்னால் ஒரே வரிசையாக விழும். காய்ந்ததும் பேலர் நேராக எடுக்கும், ரேக்குக்கு வேலையே இல்லை. நீள வைக்கோல் வேண்டுமென்றால் வைக்கோலை உலுக்கித் தள்ளும் ஸ்ட்ரா வாக்கர் கம்பைன். சுழலும் உருளை வைத்த ரோட்டார் கம்பைன் நொறுக்கிவிடும், துண்டுகள் பேலர் வாரியெடுக்கும் பிக்கப் பல்லில் நழுவும். நெல்லுக்கு இந்தச் சண்டையே வீண்: அந்த வைக்கோலிலேயே 15 சதவீதம் சாம்பல், பெரும்பகுதி சிலிக்கா (மணலில் உள்ள அதே பொருள்).

கொதிகலன்: நெல்லைப் பற்றி யார் கேட்டார்? வரிசை மழையில் நனைந்தால் அடிப்பக்கம் காய எப்படிப் புரட்டுவீர்கள்? ரேக்கால். ரேக் பல் எங்கே படும்? மண்ணில்!

கட்டுக்காரன்: கம்பைன் பின்னால் பேலரை மாட்டும் உங்கள் ஏற்பாட்டில், கட்டின் கயிற்றை முடிச்சிடும் பேலர் முடிச்சுக்கருவி சிக்கினால் கம்பைனும் நிற்கும். தானியம் வயலில் கிடக்கட்டுமா? இதற்கு மட்டும் ஏன் பதில் வரவில்லை?

மண்புழு: தட்டை முழுவதையும் வழித்தெடுத்தால் மண்ணரிப்பு வரும், பொட்டாசியமும் போகும்.

கொதிகலன்: வந்துவிட்டார். போன விவாதத் திரியிலும் இதே பல்லவிதான்.

மண்புழு: போன திரியில் கேட்டதற்கே நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. எக்டேருக்கு எவ்வளவு தட்டையை விட்டுவைப்பீர்கள்?

கொதிகலன்: முதலில் இவர் ரேக் பல்லுக்குப் பதில் சொல்லட்டும்.

கட்டுக்காரன்: முடிச்சுக்கருவி?

கொதிகலன்: ரேக் பல்!

வைக்கோல்வேந்தன்: சாப்பரை அணைக்கச் சொன்னேனே, யாராவது படித்தீர்களா?