குட்டைக்குக் குழாய் வந்தாச்சு, வாரிக்கு யார் பொறுப்பு?

தோட்டத்துக்காரன், அவிநாசி பக்கம்:
குளம் குட்டைகளுக்குக் குழாயில் தண்ணி கொண்டுவரும் அத்திக்கடவு–அவிநாசி திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. 1,045 குளம் குட்டைகளில் எங்கள் குட்டையும் ஒன்று. சந்தோஷம்தானுங்க. ஆனால் குழாயில் வருவது காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே எடுக்கிற பவானி உபரி நீர். ஆற்றில் உபரி இருந்தால்தான் வரும். குட்டைக்கு மழைத்தண்ணி வந்த வாரியில் (நீர்வரத்துக் கால்வாயில்) இப்போது வீட்டுமனை சைட் போட்டு, கல் நட்டு, ஒரு முழம் குழாயைப் புதைத்திருக்கிறார்கள். ஊராட்சித் திட்டத்தில் வாரி என்ற பேச்சே இல்லை. வாரியைத் திட்டத்தில் சேர்ப்பதை அரசு கட்டாயமாக்க முடியாதா?

பள்ளத்தோரம்:
மார்ச் 22 கிராம சபையே தண்ணீர் தினத்துக்குத்தான் அண்ணா. புலப்படத்தில் (நில அளவை வரைபடத்தில்) வாரி இருந்தால் சர்வே எண்ணோடு தீர்மானம் போடுங்கள்.

நொய்யல்வாசி:
தீர்மானம் காகிதம்தான். 2003இல் மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியதால்தான் வீட்டுக்கு வீடு தொட்டி வந்தது. (பாதி தொட்டியில் இப்போது மண், அது வேறு கதை.) சைட் அனுமதிக்கும் அப்படியே வாரி வரைபடத்தைக் கட்டாயமாக்க வேண்டும். அதுவும் ஊராட்சி எல்லைப்படி இல்லை, பள்ளம் (ஓடை) ஓடுகிற வழிப்படி.

தோட்டத்துக்காரன்:
சரிங்க. எங்கள் வாரி மேல் ஊரில்தான் ஆரம்பம். அவர்களையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.