ஞாயிறு இரவுத் திட்டமிடல்: அரை மணி நேரத்தில் முடிக்க வழி சொல்லுங்களேன்

வணக்கம் அக்கா, அண்ணன்மார்களே. நாங்கள் சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கிறோம். மூத்தவளுக்கு இந்த ஆண்டு பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு), சின்னவன் பாலர்பள்ளியில் கே2. மாமியாருக்குச் சர்க்கரை, பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) தொடர் பரிசோதனை. போன மாதம் அந்தத் தேதியையே தவறவிட்டுவிட்டேன். அன்றிரவு தூக்கமே வரவில்லை.

அதிலிருந்து ஞாயிறு இரவு நோட்டுப் புத்தகத்தோடு உட்காருகிறேன். ஹெல்த்ஹப் செயலியில் மருத்துவத் தேதிகள், பேரண்ட்ஸ் கேட்வே செயலியில் பள்ளி அறிவிப்புகள், வாட்ஸ்அப்பில் அலுவலகச் செய்திகள் என்று எல்லாவற்றையும் பார்த்து, வரும் வாரத்துக்கு எழுதி வைக்கிறேன். அப்படிச் செய்த வாரம், திங்கட்கிழமை எம்ஆர்டி ரயிலில் ஏறும்போதே மனசு லேசாக இருக்கிறது. அதனால்தான் இதை விட மனமில்லை.

ஆனால் ஒன்றரை மணி நேரம் ஆகிறது. காலையில் தேக்கா மார்க்கெட், பிறகு சமையல், துணி. இரவில் கண் சொருகுகிறது. நான்கு வாரத்தில் இரண்டு முறைதான் முடிந்தது.

அரை மணி நேரத்தில் முடிப்பவர்கள் இருந்தால், முதலில் எதைப் பார்ப்பீர்கள்? வெள்ளிக்கிழமை மதிய உணவு நேரத்துக்கு மாற்றினால் சரிப்படுமா? வீட்டுக்காரரும் கூட உட்காருவது நல்லது என்று நினைக்கிறேன், உங்கள் வீட்டில் எப்படி? வாராவாரம் தள்ளிக்கொண்டே போகும் வேலைகளை என்ன செய்கிறீர்கள்? புதுச் செயலி வேண்டாம், உங்கள் வீட்டில் நடப்பதைச் சொன்னாலே போதும்.