கிராஃபைட்டுக்கு ‘ஏட்டுக்கரி’ என்று வைக்கலாமே

நண்பர்களுக்கு வணக்கம். பென்சில் குச்சியில் இருக்கும் கிராஃபைட்டுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று நம் குழுவில் பேசிக்கொண்டிருக்கிறோம்.

‘எழுதுகரி’ போதுமே என்று குழுவில் ஓர் ஐயா எழுதியிருந்தார். இனிமையான சொல்தான். 1789இல் ஜெர்மன் கனிமவியலாளர் வெர்னர் கிராஃபைட் என்று பெயர் வைத்ததும் எழுதுதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான். ஆனால் இன்று அது உருக்காலை மின்முனை, உலோகம் உருக்கும் மூசை, லித்தியம் பேட்டரி என்று எங்கெங்கோ போய்விட்டது. ‘எழுதுகரி மின்முனை’ என்று பாடத்தில் வந்தால் பிள்ளைகள் திகைப்பார்கள்.

‘காரீயம்’ அறவே வேண்டாம். அது ஈயத்தின் பெயர், ஈயமோ நஞ்சு. கிராஃபைட் கார்பன்தான் என்று 1779இலேயே வேதியியலாளர் ஷீலே காட்டிவிட்டார்.

குழுவில் ஓர் அம்மா சொன்ன ‘அடுக்குக்கரி’ பொருளில் மிகச் சரி, கிராஃபைட் அடுக்கடுக்காகத்தான் இருக்கிறது. ஆனால் வேகமாகப் படித்தால் ‘அடுப்புக்கரி’ ஆகிவிடும். அதனால் ‘ஏட்டுக்கரி’ என்கிறேன். பாலேடு போல மெல்லிய ஏடுகள். ஓர் ஏட்டுக்குள் கார்பன் அணுக்கள் 0.142 நானோமீட்டர் இடைவெளியில் இறுகப் பிணைந்திருக்கின்றன. ஏட்டுக்கும் ஏட்டுக்கும் இடையே 0.335 நானோமீட்டர், பிடிப்பும் மிகக் குறைவு. ஒவ்வோர் அணுவும் மூன்று அணுக்களோடு மட்டும் பிணைவதால் நான்காம் எலக்ட்ரான் ஏடு முழுக்க உலவி மின்சாரத்தைக் கடத்துகிறது.

மிக்சி மோட்டாரைக் கழற்றினால் ஸ்பிரிங் அழுத்தத்தில் நிற்கும் கறுப்புக் கட்டையைப் பார்க்கலாம், கடைக்காரர் ‘கார்பன் பிரஷ்’ என்பார். கிராஃபைட் கலந்த அந்தக் கட்டை, சுழலும் செம்புப் பட்டைகளை உரசியபடியே மின்சாரத்தையும் கொடுக்கிறது, எண்ணெய் இல்லாமல் வழுக்கவும் செய்கிறது.

வழுக்குவதற்கு ஏடுகள் மட்டும் காரணமில்லை, காற்றின் ஈரமும் வேண்டும் என்ற மறுப்பு நியாயமானது. இரண்டாம் உலகப்போரில் மிக உயரே பறந்த விமானங்களில், ஈரமற்ற காற்றில் இதே பிரஷ்கள் மளமளவென்று தேய்ந்தன. ஆனாலும் பெயர் அமைப்பைச் சொன்னால் போதும், எல்லாக் குணத்தையும் சுமக்க வேண்டியதில்லை.

பேட்டரி சார்ஜ் ஆகும்போது லித்தியம் அயனிகள் புகுவதும் ஏடுகளுக்கு இடையில்தான். அப்புறம், 2004இல் இயற்பியலாளர்கள் கெய்மும் நோவோசெலோவும் கிராஃபைட்டிலிருந்து ஒட்டுநாடாவால் உரித்தெடுத்த ஒற்றை ஏடான கிராஃபீனுக்குக் ‘கரியேடு’ என்று சொல்லிவிடலாம். ‘எழுதுகரி’யிலிருந்து இப்படிக் கிளைக்க வழியில்லை.

‘கரி’ என்றால் விறகுக்கரி நினைவு வரும் என்ற தயக்கம் வேண்டாம். நிலக்கரியை யாரும் அப்படிக் குழப்பிக்கொள்வதில்லை.

சிவகங்கையில் தமிழ்நாடு கனிம நிறுவனமான டாமினின் கிராஃபைட் சுரங்கத்திலும் இலங்கையில் போகல சுரங்கத்திலும் வேலை செய்தவர்களைத் தெரிந்தவர்கள், அவர்கள் வாயில் புழங்கும் சொல்லைக் கேட்டு எழுதுங்கள். அது நன்றாக இருந்தால் என் சொல்லை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்வோம்.