இங்கிலீஷ் சாரின் நோட்டுகள்: வளைவுக்கு முன்னால் ஒரு வார்த்தை

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு, வணக்கம்.

இங்கிலீஷ் சார் காலமானதிலிருந்து குழுவில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்தேன். பாதிப்பேர் பிரம்படியைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள். அடித்தார்தான், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் அவர் வீட்டுத் திண்ணையிலேயே மூன்று வருஷம் கிடந்தவன் நான். சார் பெயரில் ஊர் முகப்பில் வளைவு கட்டுவதற்கு முன்னால் எனக்கும் சொல்ல கொஞ்சம் இருக்கிறது.

சாருக்கு இங்கிலீஷ் பாதி கல்லூரியில் வந்தது, மீதி ரேடியோவில் வந்தது. ஷார்ட்வேவ் பைத்தியம். மாஸ்கோ, பீஜிங், மணிலா என்று எந்த நிலையம் சிக்கினாலும் இரவில் உட்கார்ந்து கேட்டு, ஒலி எப்படி இருந்தது என்று கடிதம் எழுதுவார். அவர்களும் பதிலுக்குப் படம் போட்ட அட்டை அனுப்புவார்கள். ஒலியின் தரத்தை ஐந்து எண்களில் குறிக்க வேண்டும். அதற்கு சின்போ என்று பெயர். அலையின் வலிமை, பக்கத்து நிலையத்தின் இடையூறு, இரைச்சல், அலை ஏறி இறங்குவது, கடைசியில் மொத்த மதிப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை. 55555 வந்தால் கண்ணாடி மாதிரி கேட்கிறது என்று அர்த்தம்.

அதே கணக்கில்தான் நம் கட்டுரைகளையும் திருத்தினார். கையெழுத்துதான் வலிமை. பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியிருந்தால் இரண்டாவது எண் விழுந்துவிடும். எனக்கு ஒருமுறை 31332 போட்டு, "யாருடா உன் பக்கத்து நிலையம்?" என்று கேட்டார். அந்த நிலையம் இன்று துபாயில் இருக்கிறது, இந்த மடலையும் படிக்கும்.

மதுரைப் பக்கத்துச் சமணர் மலைக்குக் கூட்டிப்போனது யாருக்காவது நினைவிருக்கிறதா? கீழக்குயில்குடித் தாமரைக் குளத்துக்கிட்ட செருப்பைக் கழற்றச் சொல்லி, வெயில் ஏறுமுன் பேச்சிப்பள்ளத்துக்கு ஏற்றிவிட்டார். அங்கே சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்து, அதாவது பழைய காலத்துத் தமிழ் எழுத்து, இருக்கிறது. நமக்குப் புழு ஊர்ந்த மாதிரி தெரிந்ததை விரலால் தடவித் தடவி வாசித்தார்: அச்சணந்தியின் (சமணத் துறவி) தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி. "அந்தம்மா செஞ்சாங்களாடா?" "இல்ல சார், ஆளை வச்சுச் செஞ்சாங்க." "அதான். ஷீ ஹேட் இட் மேட்." ஒரு மாசமாக வகுப்பில் மண்டையில் ஏறாத இலக்கணம், பாறை முன்னால் நின்று ஒரு நிமிஷத்தில் ஏறிவிட்டது. ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட எழுத்தை இங்கிலீஷ் பாடத்துக்கு இழுத்த ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆர்மோனியத்தைப் பற்றி எழுத மாட்டேன். அந்தத் தெருவில் குடியிருந்தவர்களுக்குத் தெரியும்.

தபால்தலை விஷயம் மட்டும் நம் எல்லோருக்கும் சொந்தம். வெளிநாடு கிளம்புகிறவனிடம் வேறொன்றும் கேட்க மாட்டார். "தலை ஒட்டி லெட்டர் போடு, மெஷின் முத்திரை வேணாம்" என்பார். வந்த உறையை வெட்டி, சாரின் மனைவி, நம் அம்மா, அரிசி களைகிற கிண்ணத்திலேயே ஊறப்போட்டு, தினத்தாளில் காயவைப்பார். கிண்ணத்துக்காக அவர்களுக்குள் முப்பது வருஷச் சண்டை. கடிதம் என்ன ஆகும் என்கிறீர்களா? சிவப்பு மையில் திருத்தித் திரும்பி வரும். என் முதல் சம்பளத்தைப் பற்றிப் பெருமையாக நாலு பக்கம் எழுதினேன். ‘டிஸ்கஸ் அபவுட்’ என்பதில் ‘அபவுட்’டை அடித்து, ஓரத்தில் "சம்பளம் சரி, இது சரியில்லை" என்று அனுப்பினார்.

58 வயதில் ஓய்வு, அப்போதெல்லாம் 58தான். அதன்பிறகு கண்மாய்க்கரைதான் அவருக்குப் பள்ளிக்கூடம். 2017 ஏப்ரலோடு பிபிசி தமிழோசை வானொலி நின்றபோது, ரேடியோவுக்குத் துணி போட்டு மூடிவிட்டு, பறவை பார்க்கப் போகும் நேரத்தைக் கூட்டிக்கொண்டார். கண்மாய்க்கு எந்தத் தேதியில் தண்ணீர் வந்தது, எப்போது வற்றியது, என்ன பறவை வந்தது, ஆடு மேய்க்கிறவர்கள் அதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று நோட்டு நோட்டாக எழுதினார். நெற்றி மட்டும் வெள்ளையாக இருக்கும் நீர்ப்பறவையான நாமக்கோழிக்கு எதிரே ஒரு குறிப்பு பார்த்திருக்கிறேன்: "வெள்ளைக்காரன் இதன் நெற்றியைப் பார்த்து வழுக்கை என்கிறான். நாம் நாமம் போட்டுவிட்டோம்."

இனி விஷயத்துக்கு வருகிறேன். சார் பெயரில் ஊர் முகப்பில் வளைவு கட்டி, நன்கொடை கொடுத்தவர்கள் பெயரைக் கல்லில் வெட்டலாம் என்கிறார் நம் பொருளாளர் அண்ணன். அண்ணே, தப்பாக நினைக்காதீங்க. அந்தக் கல்லைப் பார்த்தால் சார் முதலில் எழுத்துப்பிழை தேடுவார். வளைவு அடுத்த வருஷமும் கட்டலாம், நோட்டுகள் அதுவரை தாங்காது. போன மாதம் அம்மாவிடம் போனில் பேசினேன். தகரப் பெட்டி மூன்று, மர அலமாரி ஒன்று. அலமாரியின் கீழ்த்தட்டில் கரையான் ஏறிவிட்டதாம்.

ஆகவே முதல் வசூல் பணத்தில் நோட்டுகளை ஸ்கேன் எடுத்துவிடுவோம். சாரின் பிள்ளைகள் சம்மதம் சொல்லிவிட்டார்கள். நான் சித்திரைத் திருவிழாவை ஒட்டிப் பத்து நாள் ஊரில் இருப்பேன். சிங்கப்பூர்த் தம்பிகளில் யாராவது கையடக்க ஸ்கேனர் கொண்டுவர முடியுமா? சாரிடமிருந்து சிவப்பு மைக் கடிதம் வந்து, அதை இன்னும் கிழித்துப்போடாமல் வைத்திருக்கிறவர்களும் எடுத்து வாருங்கள்.

அம்மாவுக்கு ஒரு கிண்ணம் நான் வாங்கி வருகிறேன்.